அடுத்த ஆண்டு வீட்டுத் தோட்டத்தில் என்ன நடலாம்? டர்பன் வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

இந்தப் பதில்கள் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என உறைபனி விழாத குவாசுலு-நாட்டால் கடலோரத்துக்கானவை. உறைபனி விழும் ஊர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தை எப்போது போட வேண்டும்?

டிசம்பரிலேயே. கோடைப் பயிர்கள் அப்போது மண்ணில் நிற்கும். அவை எப்போது முடியும், எந்தப் பாத்தி எப்போது காலியாகும் என்பதை நேரில் பார்த்தே எழுதிவிடலாம். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே மூச்சில் திட்டம் போடுபவர்கள் பலரும் பிப்ரவரியில் திணறிப்போகிறார்கள். குளிர்கால விதைப்பு பிப்ரவரி கடைசியில் தொடங்கிவிடும், பாத்தியிலோ வெண்டையும் பாகலும் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும். பாத்தி பாதியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காவிட்டால் முட்டைக்கோசு நாற்று தட்டிலேயே முற்றிவிடும்.

இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் மழையும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மிதமான குளிரும் வறட்சியும். உறைபனி இல்லாததால் நிலத்தை ஒரு நாளும் சும்மா போட வேண்டியதில்லை.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இங்கே பொருந்துமா?

பொருந்தாது. ஆடி என்பது ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை. தமிழ்நாட்டில் அது பருவமழையை ஒட்டிய விதைப்புக் காலம். டர்பனில் அது ஆண்டின் வறண்ட, குளிர்ந்த மாதங்களில் ஒன்று. அப்போது வெண்டை விதையை ஊன்றினால் மண் குளிர்ந்து கிடப்பதால் முளைக்காமல் அழுகும். இங்கே கோடைக் காய்களுக்கு ஆவணி, புரட்டாசிதான் விதைப்புக் காலம். கத்தரி, மிளகாய் நாற்றை ஆகஸ்டில் வீட்டுச் சுவர் ஓரமாக வெயில் படும் இடத்தில் தட்டில் விடலாம். சுரை, பாகல், புடல், பீர்க்கு, வெண்டை, முளைக்கீரை எல்லாம் செப்டம்பரிலிருந்து.

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்து நடுகிறவர்கள் மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்லும் இடைவெளி, உரம், பந்தல் முறை எல்லாம் பயன்படும். மாதம் மட்டும் பயன்படாது.

பாத்தியை எந்தப் பக்கம் அமைப்பது?

வீட்டுக்கு வடக்கே. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 பாகையில் இருக்கிறோம். சூரியன் குளிர்காலம் முழுக்க வடக்கே தாழ்ந்து போகும். வீட்டின் தென்புறம் ஜூன், ஜூலையில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். அங்கே முட்டைக்கோசு கட்டாது, காரட் பருக்காது. சேப்பங்கிழங்கு, இஞ்சி, மஞ்சள் ஆகியவை கோடைப் பயிர்கள், கொஞ்சம் நிழலைத் தாங்கும். தென்புறத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

இதே காரணத்தால் பந்தலும் உயரமான பயிரும் பாத்தியின் தென் ஓரத்தில் வர வேண்டும். வட ஓரத்தில் பாகல் பந்தல் போட்டால் பின்னால் உள்ள அத்தனைக்கும் நிழல் விழும்.

சின்ன முற்றம்தான் இருக்கிறது. எவ்வளவு நடுவது?

1.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்தில் நான்கு பாத்திகள் போதும். இரு பக்கமும் நின்று கை எட்டும் அகலம் அது; உள்ளே மிதிக்கவே கூடாது. ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் எல்லாக் காயும் இதில் வராது. ஆகவே கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு இடத்தை வீணாக்காதீர்கள். உருளையும் வெங்காயமும் மூட்டையாக வாங்கக் கிடைக்கும். பறித்த அன்றே சமைத்தால்தான் ருசி என்பவற்றுக்கு முதலிடம்: கீரை, கொத்தமல்லி, வெண்டை, பச்சை மிளகாய், பிஞ்சுக் கத்தரி, உரித்துச் சமைக்கும் டபுள் பீன்ஸ், காட்ரா பீன்ஸ்.

மிளகாய் ஆறு செடி, கத்தரி நான்கு செடி, சுரை ஒரு கொடி, பாகல் இரண்டு கொடி. இதற்கு மேல் நட்டால் அண்டை வீடுகளுக்குத்தான் போகும். சுரை விதை பாக்கெட்டில் பத்து விதை இருக்கிறதே என்று பத்தையும் ஊன்றுவது பரவலாக நடக்கிற தவறு. ஒரே ஒரு கொடி மொத்தப் பந்தலையும் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு எதிர்மாறாக, பீன்ஸ் எல்லாரும் குறைவாக நடுகிறார்கள். குத்துப் பீன்ஸ் 3 மீட்டர் வரிசையில் 7 செ.மீ. இடைவெளியில் நாற்பது செடி நின்றால்தான் குடும்பத்துக்கு மூன்று நான்கு வேளைக் கறி வரும்.

புரட்டாசி விரதத்துக்குத் தோட்டத்துக் காயே வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

ஆண்டுத் திட்டத்தின் நடுத்தூணாக இதைத்தான் வைக்க வேண்டும். செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கி ஒரு மாதம் வீடு முழுக்க மரக்கறிதான். ஆனால் அது இங்கே வசந்தத்தின் தொடக்கம். கோடைக் காய் ஒன்றும் வந்திருக்காது. அப்போது இலையில் விழப்போவது குளிர்காலத்தில் நட்டதுதான். ஆகவே செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கோடு, குளிர்காலத்துக்காக இரண்டு மூன்று வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்கோசுக்கு மே முதல் வாரம் நாற்று விடுங்கள், ஜூன் நடுவில் 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். மே கடைசியில் இன்னொரு தட்டு. இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு செடிக்கு மேல் வேண்டாம். காரட் ஜூன் முதல் வாரம். முளைத்தபின் 4 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிடாவிட்டால் இலை மட்டும்தான் வரும். உருளையும் அதே வாரம். பட்டாணி ஜூன் நடுவில். இதைத் தாமதித்தால் செப்டம்பர் வெப்பத்தில் இலை முழுக்கச் சாம்பல் நோய் படியும். பீட்ரூட் ஜூன் கடைசி. பீன்ஸ் ஜூலை நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் முதல் வாரம் இன்னொரு முறை. கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சாண் அகலம். கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்துத் தூவுங்கள். முழு விதையாகப் போட்டால் முளைப்பு ஒழுங்காக இருக்காது.

பூசணி அப்போது கொடியில் இருக்காது, ஆனால் வீட்டில் இருக்கலாம். ஃப்ளாட் வொயிட் போயர் என்னும் வெள்ளைத்தோல் பூசணியை டிசம்பரில் ஊன்றி, ஏப்ரலில் கொடி காய்ந்தபின் காம்போடு அறுத்து, தரையில் படாமல் காற்றோட்டமான இடத்தில் பலகைமேல் வையுங்கள். செப்டம்பர் வரை தாங்கும். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அந்த இடத்திலிருந்துதான் அழுகும். மதும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கை வறண்ட குளிர்காலம் முழுக்க மண்ணிலேயே விடலாம். முதல் மழைக்குத் துளிர்க்கும் முன் தோண்டிவிட வேண்டும்.

வாழை இலைக்கும் முன்யோசனை தேவை. ஆகஸ்டில் அடிக்கும் காற்று இலையை நார் நாராகக் கிழித்துவிடும். வீட்டுச் சுவரோ வேலியோ காற்றைத் தடுக்கும் மூலையில் ஒரு குத்து வாழை இருந்தால் புரட்டாசி சனிக்கிழமைக்கு முழு இலை கிடைக்கும்.

கத்தரிக்காய் மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் கவாத்து செய்த பழைய செடி நவம்பர் வாக்கில்தான் மறுபடி காய்க்கும்.

தைப்பொங்கலுக்கு?

அது எளிது, ஜனவரியில் தோட்டம் நிறைந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றிய மஞ்சள், பானையில் கட்டும் அளவுக்குப் பச்சை இலையோடு வளர்ந்திருக்கும். கிழங்கு சிறிதாகத்தான் இருக்கும், இங்கே அது முற்றுவது மே, ஜூனில். கட்டுவதற்கென்றே இரண்டு செடி கூடுதலாக நடுங்கள். வெண்டை, முளைக்கீரை, சுரை, பாகல், டபுள் பீன்ஸ் எல்லாம் அந்த மாதம் கிடைக்கும். புதுப் பூசணி வேண்டுமென்றால் செப்டம்பரில் ஒரு குழி தனியாக ஊன்ற வேண்டும்.

கோடையில் தக்காளி ஏன் நிலைப்பதே இல்லை?

டர்பன் கோடை தக்காளிக்கு ஆகாது. இரவும் வெப்பமாக, காற்று ஈரமாக இருக்கும்போது பூ உதிரும், இலைக்கருகல் பரவும். பச்சையாக நிற்கும் செடி ஒரே நாளில் தொங்கிப்போனால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல். தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் போல இழை இறங்கினால் அதுவேதான். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். நான்கும் ஒரே குடும்பம்.

பிப்ரவரியிலிருந்து மே வரை நாற்று விடுங்கள். ஏப்ரலில் விட்டது புரட்டாசிக்குப் பழுத்துக்கொண்டிருக்கும். 2016-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த டூட்டா அந்துப்பூச்சி இலைக்குள் வெள்ளைத் திட்டுத் திட்டாகக் குடைந்து, பிறகு காய்க்குள் போகும். குடைந்த இலையைக் கண்டதும் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வையுங்கள்.

அவரை வீடு முழுக்கப் படர்ந்தும் பூக்கவே இல்லை. உரம் போதாதா?

உரம் காரணமில்லை, பகல் நீளம்தான் காரணம். பழைய பந்தல் அவரை வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். டர்பனில் டிசம்பர் பகல் சுமார் 14 மணி நேரம், ஜூன் பகல் சுமார் 10 மணி நேரம். சென்னையில் இந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே செப்டம்பரில் ஊன்றிய அவரை ஆறு மாதம் வெறும் கொடியாகவே ஓடும். ஏப்ரல் வந்தால் பூக்கும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஊன்றினால் கொடி அளவாக வளர்ந்து, அதே காலத்தில் பூத்து, மே முதல் காய் கொடுக்கும். அதுவரை அந்தப் பந்தலில் பாகலையோ பீர்க்கையோ ஏற்றிக்கொள்ளலாம். பூக்கவில்லையே என்று தழை உரம் போட்டால் கொடி இன்னும் மதர்க்கும், அசுவினி மொய்க்கும்.

வெங்காயத்துக்கும் பகல் நீளம் முக்கியம். டெக்சாஸ் கிரானோ போன்ற குறும்பகல் வகையை மார்ச்சில் நாற்று விட்டு மே மாதத்தில் நடுங்கள். நெடும்பகல் வகை இங்கே தாள் மட்டும் கொடுக்கும்.

சுரைப் பிஞ்சு மஞ்சளித்து விழுகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். விழுந்த பிஞ்சை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் பழ ஈ. புழு இல்லாமல் முனையிலிருந்து சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. சுரைப் பூ மாலையில் மலர்வது, பகல் தேனீ அதற்கு உதவாது. பொழுது சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தடவுங்கள். முதல் மூன்று வாரம் ஆண் பூ மட்டுமே வருவது இயல்பு. தலைக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கொடிகளில் பெண் பூ கூடும்.

பழ ஈக்கு, பூ வாடிய அன்றே பிஞ்சுக்குக் காகிதப் பையோ பழைய வலைத் துணியோ கட்டுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல வழி. பாகலுக்கும் இதுவே. விழுந்த காயை அங்கேயே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த படையாக வரும். தினமும் பொறுக்கி, கட்டிய பையில் போடுங்கள்.

மண்ணுக்கு என்ன சேர்ப்பது?

கடலோர மேடுகளில் உள்ள சிவப்பு மணல் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்காது. உள்நாட்டுக் களிமண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, மிகுந்தது. எந்த மண்ணானாலும் பாத்திக்கு ஒவ்வொரு நடவுக்கும் முன் சதுர மீட்டருக்கு ஒரு வாளி மக்கிய மாட்டெரு. அதோடு தழை, மணி, சாம்பல் சத்துகள் 2:3:2 விகிதத்தில் உள்ள உரம் 60 கிராம். இலைப் பயிருக்கு மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் எல்.ஏ.என். என்னும் தழைச்சத்து உரம் 30 கிராம் வரிசை ஓரத்தில் தூவித் தண்ணீர் விடுங்கள். பீன்ஸுக்கு எல்.ஏ.என். வேண்டாம். கோழி எரு மாட்டெருவைவிடக் காரம் அதிகம். கால் வாளி போதும், நடவுக்கு ஒரு மாதம் முன்பே கலந்துவிட வேண்டும்.

சுண்ணாம்பைக் கண்மதிப்பில் போடாதீர்கள். மாகாண வேளாண் துறையின் சிடாரா ஆய்வகத்தில் மண் சோதனை செய்து தருகிறார்கள். பாத்தியின் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரை கிலோ அளவு கொடுத்தால் போதும். சுண்ணாம்பு வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகும் என்பதால் இதையும் டிசம்பர், ஜனவரியிலேயே முடியுங்கள்.

பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, மணற்பாங்கான மண்ணில் மிகுதி. பீன்ஸ் வேரிலும் உருண்டைகள் இருக்கும், அவை நல்லவை. விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரோடு வீங்கியது, உதிராது. அந்தப் பாத்தி முழுவதும் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக மூன்று மாதம் வளர்த்து, வேரோடு மண்ணில் மடக்குங்கள். ஓரத்தில் நான்கு செடி வைப்பதால் பயனில்லை. அக்டோபரில் விதைத்தால் தைப்பூசக் காவடி மாலைக்குப் பூவும் ஆயிற்று.

பழ மரங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முற்றம் சின்னதென்றால் இரண்டு பப்பாளி, ஒரு குத்து வாழை, ஒரு எலுமிச்சை. இதற்குமேல் ஒரே ஒரு பெரிய மரத்துக்குத்தான் இடம் இருக்கும்: மா அல்லது ஆவகாடோ. லிச்சி வேண்டாம். அது விரிந்து படரும் மரம், காய்க்கப் பல ஆண்டு ஆகும், டிசம்பரில் காய்த்தாலும் வௌவாலும் குரங்கும் பங்குக்கு வரும்.

பப்பாளியை ஒரு குழிக்கு மூன்று நாற்றாக அக்டோபரில் நடுங்கள். ஐந்தாறு மாதத்தில் பூக்கும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண், தண்டோடு ஒட்டித் தனிப் பூவாக இருந்தால் பெண். குழிக்கு ஒரு பெண் செடியை வைத்து மற்றவற்றை வெட்டிவிடுங்கள். ஆண் மரத்தை நினைத்துக் கவலை வேண்டாம், சுற்று வட்டாரத்தில் எப்படியும் ஒன்று இருக்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் தண்டு அழுகும்.

வாழையில் தாய், மகள், பேத்தி என மூன்று தண்டு மட்டும். மற்ற கன்றுகளை வெட்டுங்கள். கன்று வாங்கும்போது தாய் மரத்தின் அடியிலைகள் மஞ்சளித்து ஒடிந்து தொங்குகிறதா பாருங்கள். அது பனாமா வாடலாக இருக்கலாம், வந்தால் மண்ணை விட்டுப் போகாது.

மா ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும். அந்த நேரத்துத் தூறலில் பூங்கொத்து கறுத்து உதிர்வது ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை. கொத்து விரியும் முன் ஒரு முறையும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளியுங்கள். கவாத்து பிப்ரவரியில், காய் முடிந்த கையோடு. மே மாதத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ நுனியோடு போய்விடும். ஊறுகாய்க்கு மாங்காய் வேண்டும் என்பவர்கள் நவம்பரிலேயே பறிக்கலாம், பழ ஈ அப்போது குறைவு.

ஆவகாடோவின் எதிரி வேரழுகல். தட்டையான களிமண்ணில் நடவே நடாதீர்கள். அரை மீட்டர் உயர மேடு கட்டி அதன்மேல் நட்டு, அடியில் கொத்தாமல் சருகு மூடாக்கு மட்டும் போடுங்கள். ஓர் ஆவகாடோ செத்த இடத்தில் இன்னொன்று வைப்பது பணத்தைப் புதைப்பதுதான்.

நாவலும் கொய்யாவும் தென்னாப்பிரிக்காவின் அந்நியப் பரவல் தாவரப் பட்டியலில் உள்ளன. நடும் முன் உங்கள் பகுதிக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை ஜூனில் மஞ்சளித்து உதிர்கிறது. செத்துவிடுமா?

சாகாது, குளிருக்கு உறங்குகிறது. தண்ணீரைக் குறையுங்கள், உரம் போடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, எரு போட்டால் செப்டம்பரில் கொத்தாகத் துளிர்க்கும்.

குரங்குகளை என்ன செய்வது?

வெர்வெட் குரங்கைச் சுடுவதும் நஞ்சு வைப்பதும் சட்டவிரோதம், செய்யவும் கூடாது. அவை நம் வீடுகளுக்கு முன்பே இங்கே இருந்தவை. திட்டத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். மிளகாய், பாகல், சேப்பங்கிழங்கு, மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றை அதிகம் தொடாது. இவை திறந்த வெளியில். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, மக்காச்சோளம் ஆகியவை ஷேட் கிளாத் என்னும் நிழல்வலைக் கூண்டுக்குள். கம்பி அல்லது பிவிசி குழாயை வளைத்து, 20 சதவீத ஷேட் கிளாத்தை மண் வரை இறக்கிச் செங்கல் வைத்து அழுத்துங்கள். ஓர் இடத்தில் கை நுழைந்தாலும் பாத்தி போயிற்று. குப்பைத் தொட்டியை மூடாமல் வைக்கும் வீட்டுக்குத்தான் கூட்டம் முதலில் வரும்.

தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தால்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால், வீணாவது போக 800 லிட்டர் சேரும். பாத்திக்கு வாரம் 25 மில்லிமீட்டர் தேவை; 10 சதுர மீட்டருக்கு 250 லிட்டர். 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் நிறைந்திருந்தால் பத்து வாரம் ஓடும். மார்ச் கடைசி மழையில் அதை நிரப்பி மூடிவையுங்கள். டேங்க் ஒன்றுதான் என்றால் குளிர்காலத்தில் இரண்டு பாத்தி மட்டும் நட்டு, மற்ற இரண்டில் தடிமனாகச் சருகு போட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரை விதை கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் விதை, கன்று, கிழங்கு எதையும் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பறிமுதலாகும். விதையோடு இங்கே இல்லாத நோயும் வந்து சேரும். இங்கேயே மூன்று நான்கு தலைமுறையாக எடுத்து வைத்த சுரை, அவரை, டபுள் பீன்ஸ் விதைகள் முதியவர்களின் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இந்த மண்ணுக்குப் பழகிய விதை அதுதான். கேட்டு வாங்கி, இரண்டு வீட்டிலாவது பயிராக்கி வையுங்கள்.

லெனேசியாவிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இதே அட்டவணையா?

ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் மே முதல் ஆகஸ்ட் வரை உறைபனி விழும். வெண்டை, சுரை, கத்தரி, மிளகாய் எதையும் அக்டோபருக்கு முன் வெளியில் நடாதீர்கள். தக்காளி அங்கே கோடைப் பயிர். முருங்கையின் மேல்பாகம் உறைபனியில் கருகும். அடிமரத்தைச் சாக்கும் சருகும் சுற்றி மூடினால் செப்டம்பரில் கீழிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுங்கள். புரட்டாசிக்குக் குளிரைத் தாங்கும் முட்டைக்கோசு, காரட், பட்டாணி வரும், பீன்ஸ் வராது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மேட்டு வீடுகள் கடலோர அட்டவணையிலிருந்து இரண்டு வாரம் தள்ளி நட்டால் போதும். பள்ளத்தில் உள்ள வீடுகளில் குளிர்காற்று தேங்கி உறைபனி படியும் என்பதால் ஜூலை பீன்ஸைத் தவிர்த்து, ஆகஸ்ட் கடைசியில் ஊன்றுங்கள்.